கவிழ்க்காத தோணி

தோணியின் உள்விளிம்பில், முன்பக்கமாக, ஒரு கைத்தடம் இருக்கிறது. நான்கு விரல்களும் உள்ளங்கையின் மேல்பாதியும். சுற்றியுள்ள ரெசின் பசை தேன் நிறத்தில் இறுகிக் கிடக்க, அந்த இடம் மட்டும் பால் கலந்ததுபோல வெளிறியிருக்கிறது. காயுமுன் ஈரம் பட்டால் ரெசின் அப்படித்தான் வெளிறும். என்னைப்போல் பைபர் தோணி வேலை செய்கிற எவனுக்கும் இது தெரியும். ஆகவே அதை வைத்தவர் யாராயிருந்தாலும் அவருடைய கை நனைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

தோணி மாமாவுடையது. மாமி என் அப்பாவின் தங்கை. படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், வாவியோரத்தில் அவர்கள் வீடு. ஒரு மார்கழி மாதம், வெள்ளம் வாவியை நிறைத்துக் கொண்டிருந்த நேரம், மாமா விடியலில் வலையோடு போனார். மத்தியானம் தோணி மட்டும் கரையோரச் சதுப்பில், கண்ணா மரக் காட்டுக்குள் செருகிக் கிடந்தது. அடியில் நீளமாக ஒரு கிழிசல். வலை இருந்தது, சோற்றுப் பெட்டி கட்டியபடியே இருந்தது, ஆள் இல்லை. முதலை என்றார் ஒருவர், சுழி என்றார் மற்றவர், வேறு ஊரில் குடும்பம் இருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னவரும் உண்டு. மாமி எதையும் காதில் வாங்கவில்லை. காணாமல் போனவரை இருக்கிறார் என்றே வைத்துக் காத்திருப்பது எங்கள் பகுதிக்குப் புதிதுமல்ல. மாமி பொட்டை அழிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் காரியமும் செய்யவிடவில்லை.

இதில் மாட்டிக்கொண்டது நானும்தான். மாமியின் மகளை, என் மச்சாளை, எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாமா செத்துவிட்டார் என்றால் துடக்குக் கழித்து, வருஷம் பார்த்துக் கலியாணத்தை வைக்கலாம். இருக்கிறார் என்றால் அவர் வந்து மகளைக் கைப்பிடித்துத் தரவேண்டும். மாமாவோ இரண்டிலும் இல்லை. யார் பேச்செடுத்தாலும் மாமிக்கு ஒரே பதில்தான்: "அவர் வரட்டும்."

அப்படியிருந்த மாமி, அடுத்த வெயில் காலத்தில் என்னைக் கூப்பிட்டார். "தோணிய ஒருக்காச் சரி பண்ணித் தா மனே. வந்தவுடன ஆத்துக்குப் போகோணும் எண்டு நிப்பார்." எங்கள் ஆட்களுக்கு வாவி எப்போதும் ஆறுதான். எனக்கு மனம் விட்டுப்போனது. ஆனாலும் மச்சாளைப் பார்க்க ஒரு சாட்டுக் கிடைத்ததென்று சாமான்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன்.

அடி கிழிந்த பைபர் தோணியைக் கவிழ்த்து வைத்துத்தான் வேலை செய்யவேண்டும். கிழிசலின் ஓரத்தைத் தேய்த்துச் சரித்து, கண்ணாடி நார்த் துண்டுகளை அடுக்கி, ரெசினில் ஊறவைத்து, காற்றுக் குமிழ் இல்லாமல் உருட்டி அழுத்தவேண்டும். நான் தோணியைப் பிரட்டக் கைவைத்ததும் மாமி ஓடிவந்து மறித்தார். ஆற்றுக்குப் போனவர் கரையேறாமல் அவருடைய தோணியைக் கவிழ்க்கக் கூடாதாம். ஆள் செத்தால், முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு முன் சொந்தக்காரர் கூடித் தோணியைக் கரையில் கவிழ்ப்பது அவர்கள் குடும்ப வழக்கம். கவிழ்த்தால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

"கவுக்காம அடியில எப்பிடி மாமி ஒட்டுற?"

"தொழில் தெரிஞ்சவன் நீதானே. நீயே பாரு."

குசினி வாசலில் மச்சாள் சிரித்தது கேட்டது. ரோசம் வந்துவிட்டது. இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கயிறு கட்டித் தோணியை நெஞ்சளவு உயரத்தில் தொங்கவிட்டேன். கீழே சாக்கை விரித்து மல்லாந்து படுத்து வேலை செய்தேன். உலகத்தில் எந்தப் புத்தியுள்ளவனும் அப்படிச் செய்யமாட்டான். ரெசின் கழுத்தில் சொட்டியது, நார்த்தூள் உடம்பெல்லாம் அரித்தது. மாமாவை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அது நடந்தது. பெயின்ட் போன பைபர், வெயிலை உள்ளே விடும். கீழே படுத்துப் பார்த்தால் தோணியின் அடி விளக்கில் பிடித்த உள்ளங்கைபோல மங்கலாக ஒளிரும். நல்ல உச்சிப் பொழுது. அந்த ஒளிக்கு நடுவில் இரண்டு கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. வலை வீச நிற்கிறவன் கால் அகட்டி நிற்பானே, அந்த இடைவெளியில். ஓலை நிழல் என்று நினைத்தேன். காற்றில் ஓலை ஆடியது, திட்டுகள் ஆடவில்லை. பிறகு கயிறு முனகியது. தோணி என் முகத்தை நோக்கிச் சற்றுத் தாழ்ந்தது. யாராவது ஏறினால் தாழுமே, அவ்வளவு. நான் உருண்டு வெளியே வந்து எழுந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை, வெயில்தான் இருந்தது.

பயந்து அலறுவார் என்று நினைத்துத்தான் மாமியிடம் சொன்னேன். மாமி அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து கேட்டார்: "எந்தப் பக்கம் பாத்து நிண்டார்? ஆத்தையா, வீட்டையா?"

கவனிக்கவில்லை என்றேன். அன்று முழுவதும் மாமி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடி வேலை முடிந்து, கடைசியாக உள்விளிம்புக்கு ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டு ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போனேன். அன்று மழையில்லை, பனியும் இல்லை. காலையில் வந்தபோது மாமி தோணியருகே நின்றிருந்தார். விளிம்பில் அந்தக் கை. ஆற்றுக்குள் நிற்கிறவன் தோணியில் ஏறுவதற்கு எட்டிப் பிடிப்பதுபோல, விரல்கள் உள்நோக்கி மடிந்திருந்தன. வேலை பழுதாகிவிட்ட ஆத்திரத்தில், தேய்த்து அழிக்க உப்புத்தாளை எடுத்தேன்.

"அதுல கை வைக்காத மனே," என்றார் மாமி. குரல் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. "கரையேறிற்றார். இனிக் கவுக்கலாம்."

அதைச் சொல்லிவிட்டு அப்படியே மணலில் குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாமா போனதிலிருந்து மாமி அழுததை யாரும் பார்த்திருக்கவில்லை. அயலவர்கள் ஓடிவந்தார்கள். சொந்தக்காரருக்கு ஆள் அனுப்பி, அன்றே தோணியைக் கவிழ்த்தோம். பிறகு காரியம் நடந்தது. வருஷம் கழிந்து எங்கள் கலியாணமும் நடந்தது.

தோணியைப் பிற்பாடு நிமிர்த்தி எத்தனையோ முறை பெயின்ட் பண்ணியிருக்கிறேன். மாமியின் கட்டளைப்படி அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவேன். மாமி சேலைத் தலைப்பால் அதை நாளாந்தம் துடைப்பார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். சென்ற மாதம் மாமியும் போய்விட்டார். தோணி இப்போது எங்கள் வளவில் கிடக்கிறது. நேற்றுக் காலை நான் அதற்குப் பெயின்ட் கலந்துகொண்டிருந்தபோது மனைவி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மாவும் போயிற்றா. இனியாவது சொல்லுங்க, நீங்கதானே அந்தக் கைய வச்ச? கலியாணம் நடக்கட்டும் எண்டு?"

நான் அவளைப் பார்த்தேன். "நான் நீ எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தேத்தண்ணியை மண்ணில் வைத்துவிட்டுத் தன் கையை அந்தத் தடத்துக்கு மேலே பிடித்தாள். அவளுடைய கை அதற்குள் அடங்கிப்போனது. மாமியின் கை இன்னும் சின்னது. அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பிறகு நான் என் கையை வைத்தேன். என் ஒவ்வொரு விரலும் தடத்தைவிட ஒரு கணு குட்டை. ஈரம் பட்ட ரெசின் முழுதாக இறுகாது, வருஷக்கணக்கில் பசைபோலவே கிடக்கும் என்று எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இருந்தும் கையை எடுக்கப் பார்த்தபோது அந்த விரல்கள் என் விரல்களை உடனே விடவில்லை.