சிப்பியில் பொலோனியம் உண்டு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை. பூவாறு கடற்கரையிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஊருக்குச் சிப்பி கொண்டுவந்து விற்ற அக்கா.

கடல் நீரையும் மீனையும் சோதிக்கிற ஆய்வகத்தில் எனக்கு வேலை. அவற்றில் மிகமிகச் சொற்பமாகக் கிடக்கும் உலோகங்களையும் கதிர்வீசும் பொருட்களையும் அளப்பேன். பொலோனியம் அதில் ஒன்று. எந்த ஆலையும் கொண்டு கொட்டியதல்ல, மனுஷன் பிறக்கும் முன்பே கடலில் உண்டு. சிப்பி நாள் முழுக்கக் கடல் நீரை வடிகட்டித் தின்பதால் அதன் சதையில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். நான் அளந்ததில் பயப்பட ஒன்றும் இல்லை. நம் பாட்டன்மார் மரச்சீனிக் கிழங்குக்கு இந்தச் சிப்பியைத்தான் கூட்டித் தின்றார்கள்.

இதை என்னோடு வைத்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் நின்றபோது, "லேபுல அப்படி என்னத்தயாக்கும் அளக்குத?" என்று ஒருத்தர் இளக்காரமாகக் கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க தின்னுத சிப்பியில பொலோனியம் உண்டு, தெரியுமா?" என்றேன். மீதியைச் சொல்லும் முன் நாலு பேர் போனைத் திறந்து தேடிவிட்டார்கள். விஷம் என்ற ஒரு சொல் அவர்களுக்குப் போதும். சாயங்காலத்துக்குள் வாட்ஸாப்பில் செய்தி உதியன்குளங்கரை தாண்டிப் போயிருந்தது. விவரம் கெட்ட ஜென்மங்கள். ஆனால் கொளுத்திப் போட்டவன் நான்தானே.

அடுத்த மூன்று வாரமும் அக்கா அலுமினியச் சருவம் நிறையக் கொண்டுவந்து அப்படியே திருப்பிக் கொண்டுபோனார். அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது. நாலாவது வாரம் என் வாசலில் வந்து சருவத்தை இறக்கினார்.

"மக்கா, இதுல ஒண்ணும் இல்லைன்னு ஒரு பேப்பர் எழுதித் தா. சந்தியில ஒட்டிக்கிடுதேன்."

"இல்லைன்னு எழுத முடியாதுக்கா. உண்டு. கொறச்சுதான். அந்த அளவ எழுதித் தாறேன்."

"அளவு ஆருக்கு வேணும்? உண்டுன்னு நீ பறஞ்ச ஒத்த வாக்குலதானே இவ்வளவும்."

பொய் எழுதிக்கொடுக்க என் படிப்பு என்னை விடவில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது, வெட்கம்கெட்ட கர்வம். "நான் எல்லார்ட்டயும் எடுத்துச் சொல்லுதேன்க்கா. தைரியமாத் தின்னலாம்" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை.

"அப்போ உன் வீட்டுல வாங்குதத ஏன் மக்கா நிறுத்தியாச்சு?"

உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பயந்துபோய் நிறுத்தியது என் மனைவி. ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நிறுத்தியதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது, இத்தனை அளந்தவனுக்கு.

சருவத்தைத் தலைக்குத் தூக்கிவிடச் சொன்னார். தூக்கிவிட்டேன். எனக்கு ஒரு கூறு தாங்கக்கா என்று அப்போதும் நான் கேட்கவில்லை.