வலப்பக்கத்துப் பற்றரிகள்

அத்தானின் வள்ளத்தில் இடப்பக்கத்து இருக்கைப் பலகையில் நாலு தண்ணீர்க் கான்கள் இருந்தன. கழுத்துவரை கடல்நீர் நிரப்பி, கைபிடிகளுக்குள்ளே நைலோன் கயிறு கோத்துக் கட்டிய வெள்ளை பிளாஸ்டிக் கான்கள். கரையில் வலை காயப்போடுகிறவர்கள் முதலில் அவர் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகிறார் என்று நினைத்தார்கள். பிறகு மீன் போடுவதற்கு என்று நினைத்தார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். எனக்கோ அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் முதுகு வலிக்கும். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே வலிக்கும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். எண்ணெய்க்கு வரிசையில் நின்று நின்று ஊரே களைத்துப்போயிருந்த காலத்தில்தான், அன்புவழிபுரத்து வீட்டு முற்றத்தில் அவர் பிளைவூட்டும் பைபரும் வாங்கிப் போட்டார். வேலை பார்த்த காலமெல்லாம் மின்சார மோட்டர் திருத்தியவர். பெற்றோல் இல்லாவிட்டால் வள்ளம் பற்றரியில் ஓடட்டும் என்றார். மீன் பிடிக்கிற எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. அது அக்காவுக்கான வள்ளம். அக்காவின் வலது முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மடங்கவே இல்லை. பஸ்ஸில் ஏற ஏலாது. ஓட்டோவில் ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்துவாள். அதற்கு முன்பெல்லாம் இரண்டு பேரும் பின்னேரத்தில் கடற்கரைக்கு நடந்து போய் வருகிறவர்கள். இப்போது அவள் குசினிக்கும் கட்டிலுக்கும் நடுவே அடைபட்டுக் கிடந்தாள். "இனிச் சாகுமட்டும் இந்த முகட்டைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கோணும் போல" என்று ஒருநாள் சொன்னாள். அடுத்த கிழமை பலகைகள் வந்து இறங்கின.

வள்ளம் கட்டியது பெரிய வேலையே இல்லை. பற்றரியை எங்கே வைப்பது என்பதுதான் எங்களைத் தின்றது. லொறிக்குப் போடுகிற பற்றரிகள், நாலு. ஒவ்வொன்றையும் தூக்கும்போது குடல் கழன்று விழும்போலிருக்கும். பின்னால் வைத்தால், மோட்டரும் அத்தானும் அங்கேதான், முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. முன்னால் வைத்தால் வயர் நீளம், மோட்டருக்குப் போய்ச் சேருகிற வலு குறையும், அலை தெறித்துப் பற்றரி முனைகள் உப்புப் பூத்துக் கெட்டுப்போகும். நடுவில் வைப்பதுதான் நியாயம், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நடுவில்தான் அக்கா தன் மடங்காத காலை நீட்ட வேண்டும். இடப்பக்கப் பலகையில் இருந்துகொண்டு வலது காலை நடுவுக்கு நீட்டுவதைத் தவிர அவளுக்கு வேறு இருப்பு இல்லை. அத்தானுக்கு ஒவ்வொரு யோசனை வரும்போதும் பற்றரிகள் இடம் மாறின. மாற்றியவன் நான். வேலையால் வந்து சேர்ட்டைக் கழற்றுவதற்குள் அடுத்த யோசனை காத்திருக்கும். "கோவிக்காதையும் தம்பி, ஒருக்கா இஞ்சால வச்சுப் பாப்பம்" என்பார். அந்த ஒருக்காவைக் கேட்டாலே எனக்கு அழுகை வரும்.

கடைசியில் பற்றரிகளை வலப்பக்கத்தில் வைத்து, இடப்பக்கத்தில் இருக்கும் அக்காவின் பாரத்துக்கு ஈடு கட்டலாம் என்று முடிவானது. அதற்கு அக்காவின் நிறை தெரிய வேண்டும். அவள் சொல்வாளா? ஆஸ்பத்திரித் தராசில் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். "நான் என்ன அரிசி மூட்டையே நிறுத்துப் பாக்க?" என்று பாய்ந்தாள். அத்தான் சிரித்துக்கொண்டே வள்ளத்தை உள்துறைமுகக் கரையில், முழங்கால் தண்ணீரில் இறக்குவித்தார். நானும் அவருமாக அக்காவைத் தாங்கி ஏற்றினோம். வள்ளம் இடப்பக்கம் சரிந்தது. தண்ணீர் தொட்ட இடத்தில் அத்தான் கரித்துண்டால் ஒரு கோடு கீறினார். பிறகு அவளை இறக்கிக் கரையில் கதிரையில் இருத்திவிட்டு, அவள் இருந்த இடத்தில் தண்ணீர் நிரப்பிய கான்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். நாலாவது கானோடு கோடு தண்ணீரைத் தொட்டது.

"நாலு!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார்.

"ஐயோ, வாயை மூடுங்கோ, சனம் பாக்குது!" என்று அக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, கதிரை ஆடும்படி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த நாலு கான்களும் அக்காவாக இருக்க, வள்ளம் மட்டமாக நிற்கும்வரை நான் பற்றரிகளை வலப்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். அத்தான் ஆணியடித்துச் சட்டம் போட்டார், நட்டுகளை நான் ஸ்பானரால் இறுக்கினேன்.

எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம் இருந்தது. "அக்கா வராத நாளில வள்ளம் மற்றப் பக்கம் சரியுமே அத்தான். அப்ப என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவ வராட்டி நான் ஏன் தம்பி வள்ளம் எடுக்கிறன்?" என்றார்.

மழையில்லாத பின்னேரமெல்லாம் அவர்கள் போனார்கள். அந்த மோட்டர் சத்தம் போடாது. அக்காவின் கதைதான் கரைவரை கேட்கும். பிறகு ஒருநாள் அக்கா போய்விட்டாள். முழங்காலால் அல்ல, நெஞ்சு நின்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அத்தான் வள்ளத்தை எடுத்தார். எடுக்க மாட்டேன் என்று சொன்ன மனிசன்தான். வள்ளம் வலப்பக்கம் சரிந்து நின்றது. வீட்டுக்குத் திரும்பி வந்து, பின்வளவுக் கோடிப்புறத்தில் கிடந்த கான்களைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். பற்றரிகளை நடுவுக்கு மாற்றித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "பாப்பம், பாப்பம்" என்பார். பிறகு நானும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனேன்.

போன மாதம் பெரிய படகொன்று கடந்துபோன அலையில் கயிறு அறுந்து கான்கள் உருண்டன. வள்ளம் ஒரேயடியாக வலப்பக்கம் சாய்ந்து அத்தானைக் கடலுக்குள் கொட்டியது. பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் இழுத்துப் போட்டார்கள். துவாயைப் போர்த்திக்கொண்டு வெடவெடத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் எனக்குப் பயத்தில் கோபம் கோபமாக வந்தது. "இந்தக் கிழமை நான் பற்றரியை நடுவுக்கு மாத்துறன். அந்த நடுவில இனி ஒருத்தரும் கால் நீட்டப் போறேல்லை" என்று கத்திவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரோடு போனேன். அவர் திரும்பவும் ஏற்றிக் கட்டியிருந்த கான்களை ஒவ்வொன்றாக இறக்கி மணலில் வைத்தேன். அத்தான் முழங்கால் தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்தபடி நின்றார். நானே முறுக்கி முறுக்கி வைத்த நட்டுகள்தானே, முதலாவது உடனே கழன்றது. இரண்டாவதில் ஸ்பானரை வைத்துவிட்டு ஏனோ திரும்பிப் பார்த்தேன். இடப்பக்கப் பலகை வெறுமையாகக் கிடந்தது. அக்கா போன பிறகு அது வெறுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. கான்கள் எப்போதும் அங்கே இருந்தன. என்னால் ஏலவில்லை.

கழற்றிய நட்டைத் திரும்பவும் பூட்டி இறுக்கினேன். எழும்பிப் போய் அந்தப் பலகையில் இருந்தேன். மடங்குகிற கால்தான், ஆனாலும் நடுவுக்கு நீட்டிக்கொண்டேன்.

"ஏறுங்கோ அத்தான். இனித் தனிய போறேல்லை. நான் வாறன்."

அவர் ஏறவில்லை. குனிந்து, அந்தப் பழைய கோடு இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். வள்ளம் இன்னும் வலப்பக்கமே கொஞ்சம் சரிந்து நின்றது. பிறகு கரைக்கு நடந்து போய், மணலில் இருந்த கான்களில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

"உம்மட பாரம் மூண்டு கான்தான் தம்பி. அவவுக்கு இன்னும் ஒண்டு வேணும்" என்று அதை என் மடியில் வைத்தார்.

முதுகு வலித்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.