மில்லுச் சுவரில் ஒரு பெயர்

அருப்புக்கோட்டையில் ஒரு காலத்தில், அடுத்து யாரை வெட்டப்போகிறார்கள் என்பதைச் சுவரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். திருச்சுழி சாலையில் மூடிக்கிடந்த பழைய பஞ்சு மில்லின் மதில் எங்கள் கடைக்கு நேர் எதிரே நீண்டு கிடந்தது. காலையில் கடைக்கதவைத் தூக்கிவிட்டதும் என் கண் முதலில் அங்கேதான் போகும். கறுப்பு பெயிண்டில் ஒரு பெயர், அதற்குக் கீழே கோணலாக வரைந்த ஓர் அரிவாள், 'நாள் குறிச்சாச்சு' என்று ஒரு வரி. பெயருக்கு உரியவன் இரண்டொரு நாளில் ஊரைவிட்டுப் போயிருப்பான். போகாதவன் பெரியாஸ்பத்திரியில் கிடப்பான். தொண்ணூறுகளின் நடுவில் சில வருடங்கள் எங்கள் ஊர் இப்படித்தான் இருந்தது. கல்லூரி முடித்துவிட்டுக் கலியாணத்துக்குக் காத்திருந்த நான், அண்ணனுக்கு ஒத்தாசையாகக் கடையில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்தேன்.

எங்களுடையது சுண்ணாம்பு, பெயிண்ட், ஆணி விற்கிற கடை. அப்பா இறந்தபின் அண்ணன்தான் அதைப் பார்த்துக்கொண்டார். கனத்த உடம்பு, சுண்ணாம்புத் தூசியால் வந்த நிரந்தர இருமல், யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசத் தயங்குகிற சுபாவம். தெருநாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறவர். வீரம் என்கிற சொல்லை அவரோடு சேர்த்து நினைக்க எங்கள் வீட்டிலேயே யாருக்கும் தோன்றியதில்லை.

ஊரில் இரண்டு கூட்டங்கள் இருந்தன. ஒன்று பஸ் ஸ்டாண்டுக் கூட்டம், இன்னொன்று மில்லுத் தெருக் கூட்டம். இரண்டிலும் பெரும்பாலும் இருபது வயது தாண்டாத பையன்கள். பரளச்சி, நரிக்குடிப் பக்கம் மழை தவறி, வெள்ளாமை கைவிட்டு, பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். லோடு ஏற்றுவதிலும் ஆட்டோ நிறுத்துவதிலும் தொடங்கிய தகராறு, கோயில் திருவிழாவில் யார் முன்னால் ஆடுவது என்பதற்குப் போனது. இரண்டு தெருவும் இரண்டு சாதி என்பதால் அதற்குமேல் யாரும் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு பொங்கல் கூட்டத்தில், பஸ் ஸ்டாண்டு வாசலில் வைத்து, மில்லுத் தெருப் பையன் ஒருவனை வெட்டிக் கொன்றார்கள். அவன் வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஊரில் எல்லாரும் அவர்களைப் பெரியவன், சின்னவன் என்றே சொல்வோம். செத்தது பெரியவன்.

அவன் கூட்டாளிகள் மில்லு மதிலில் ஆளுயரத்துக்கு அவன் பெயரை எழுதிவைத்தார்கள். அவனுடைய அம்மா அரிசி மண்டியில் தூற்றிப் புடைக்கிற வேலைக்குப் போகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மதிலில் கிடந்த அத்தனை எழுத்துக்களுக்கு நடுவில் தன் மகன் பெயர் எது என்று தெரியும். வேலை முடிந்து திரும்பும்போது முதல் எழுத்தின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு கணம் நிற்பார். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு நடப்பார். எங்கள் கல்லாவிலிருந்து பார்த்தால் அது தெரியும். அந்த நேரத்தில் அண்ணன் வேண்டுமென்றே உள்ளே போய் எதையாவது எடுத்துவைத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மதிலில் புதிதாக ஒரு பெயர் விழுந்திருந்தது. அண்ணன் சாலையைத் தாண்டிப் போய், அதை விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். "இது நம்ம கடைக் கறுப்புத்தா. முந்தாநாள் ரெண்டு பேரு வந்து வாங்கிட்டுப் போனானுக" என்றார். அன்றைக்கே கறுப்பு பெயிண்ட் டப்பாக்களை எல்லாம் உள்ளறையில் போட்டுப் பூட்டினார். அதன்பின் யார் கேட்டாலும் கறுப்பு இல்லை என்றுதான் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் அமைதிக் குழு அமைந்தது. அதிகாரிகள், வியாபாரிகள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், இரண்டு தெருப் பெரியவர்கள் எல்லாரும் ஒரு கலியாண மண்டபத்தில் கூடினார்கள். ஊரிலுள்ள சுவர்கள் அனைத்தையும் வெள்ளையடிப்பது, இரண்டு பக்கத்துப் பையன்களும் சேர்ந்தே அடிப்பது, இனி ஒரு எழுத்தும் விழாமல் அவரவர் தெருவுக்கு அவரவர் பொறுப்பு என்று முடிவானது. சுண்ணாம்பு எங்கள் கடையிலிருந்து. வாய் திறந்து பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த அண்ணனையே பையன்களை மேய்க்கவும் அமர்த்தினார்கள். அவரைக் கண்டு இரண்டு பக்கமும் பயப்படவில்லை. அதுவே தகுதியாகிவிட்டது.

நான் அவர்களை முதல்முறை பார்த்த காலை நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளையடிக்கிற மட்டையைக் கையில் பிடித்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரண்டு வரிசையாக நின்றார்கள். மில்லுத் தெரு வரிசையில் முதல் ஆளாகச் சின்னவன். தன் அண்ணனைக் கொன்றவர்களின் கூட்டாளிகளோடு நிற்க அவன் எப்படி ஒப்புக்கொண்டான் என்று என் அண்ணன் கேட்டதற்கு, "அடுத்து எம்பேருதான் எழுதுவாகன்னு எங்காத்தா தூங்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்றான். மறைக்காமல் பேசுகிற பையன். தண்ணீர் ஊற்றிய சுண்ணாம்பு தொட்டியில் கொதிக்கும்போது எட்டிப் பார்த்து, சின்னப் பிள்ளைபோலச் சிரிப்பான். ஒரு வாரத்துக்குள் அந்த இரண்டு வரிசையும் கலைந்துபோனது. பஸ் ஸ்டாண்டுப் பையன் ஒருவன் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தபோது, சின்னவன்தான் அவனை எங்கள் கடைக்கு இழுத்துவந்து தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டான். அண்ணன் அன்று இரவு சாப்பிடும்போது அதை மதினியிடம் இரண்டு தடவை சொன்னார்.

கடைசியாக மில்லு மதில் மிஞ்சியது. ஒரு முனையில் தொடங்கி, பாதி வரைக்கும் வந்துவிட்டார்கள். பெரியவன் பெயருக்கு முன்னால் அவனுடைய அம்மா வந்து நின்றார். மண்டி வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். தலையெல்லாம் உமி.

"எம்மவன் பேரையுமா அழிப்பீக?" என்று அண்ணனைக் கேட்டார். "இது யாரையும் மெரட்டலையே. அது பாட்டுக்குத்தான இருக்கு."

பையன்கள் எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "அத விட்டுட்டு அங்கிட்டு அடிங்கப்பா" என்றார். நீண்ட வெள்ளை மதிலின் நடுவில் அந்த ஒரு பெயர் மட்டும் கறுப்பாக நின்றது. எழுத்துக்களுக்கு நடுவே இருந்தபோது அவ்வளவு பெரிதாக அது தெரிந்ததில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தின் தலைவன் கடைக்கு வந்தான். அவனுக்கும் இருபத்தைந்துக்குமேல் இருக்காது. குரலை உயர்த்தவில்லை.

"அண்ணாச்சி, எங்க ஆளு பேரு ஒண்ணுகூட இந்த ஊருல மிச்சமில்ல. அவுக பேரு மட்டும் நடு ரோட்டுல நிக்குது. இது என்ன சமாதானம்?"

"செத்தவன் பேருப்பா அது. பெத்தவ வந்து நிக்கிறா, நான் என்ன செய்ய?"

"எங்க பக்கம் மட்டும் சாகலையா? எங்க ஆளுகளையும் பெத்தவுக இருக்காக."

அதுவும் உண்மைதான். அண்ணன் குழுவில் சொல்லிப் பேசி முடிவு செய்யலாம் என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். குழு அடுத்துக் கூடுவதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது.

சந்தை நாள், முற்பகல். பள்ளிக்கூடச் சுவருக்கு இரண்டாம் பூச்சு அடிக்கச் சுண்ணாம்பு மூட்டை எடுக்கச் சின்னவன் தள்ளுவண்டியோடு வந்திருந்தான். மூட்டையை ஏற்றிவிட்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று வண்டியைத் திருப்பினான். இரண்டு பைக்குகள் வந்து நின்றன. நான் உள்ளறையில் இருந்தேன். எனக்குக் கேட்டதெல்லாம் சத்தங்கள்தான். ஒரு கத்தல், பிறகு தெரு நெடுக ஒன்றன்பின் ஒன்றாகக் கடைக்கதவுகள் இறங்குகிற சத்தம். எங்கள் கதவு மட்டும் இறங்கவில்லை. நான் வெளியே ஓடிவந்தபோது, நாய்க்குப் பயந்த என் அண்ணன் நடுச்சாலையில் உட்கார்ந்து சின்னவன் தலையை மடியில் வைத்திருந்தார். கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய சுண்ணாம்பு ரத்தத்தோடு சேர்ந்து குழம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவன் போய்விட்டான்.

ஊர் முழுக்கப் பழிக்குப் பழி என்றே பேச்சு. சின்னவனை எரித்த மறுநாள் மில்லுத் தெருப் பையன்கள் காரியாபட்டியில் கறுப்பு பெயிண்ட் வாங்கிக்கொண்டு, மதிலில் பெரியவன் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரையும் எழுத வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அந்த அம்மா வந்து மதிலில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அழவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது.

"ஏலே, இவன் பேர எழுதாதிக. எழுதுனா நாளைக்கு ஒங்க ஆத்தாளுகளும் என்னை மாதிரி வந்து இங்கதான் நிக்கணும். போங்கலே வீட்டுக்கு."

ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ என் வீட்டுல சோறு தின்னவந்தான? எனக்கு ஒண்ணுஞ் சொல்லாத" என்றார். அவன் டப்பாவைக் கீழே வைத்தான். பிறகு அந்த அம்மா சாலையைத் தாண்டி எங்கள் கடைக்கு வந்து, ஒரு வாளி சுண்ணாம்பும் மட்டையும் கேட்டார். அண்ணன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தானே கரைத்து, தானே தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கறுப்பு பெயிண்டின்மேல் சுண்ணாம்பு லேசில் பிடிக்காது. அந்த அம்மா பெரியவன் பெயர்மேல் அடித்த முதல் பூச்சு காய்ந்ததும் எழுத்துக்கள் சாம்பல் நிறத்தில் மேலே வந்தன. மறுபடி அடித்தார். மறுபடி வந்தன. அண்ணன் வாளியைப் பிடித்தபடி நின்றார். இரண்டு தெருக்காரர்களும் தூரத்தில் நின்று பார்த்தார்கள். வெயில் சாயும்போது மதில் வெறும் வெள்ளையாகக் கிடந்தது.

அந்த வருடம் பதிலுக்கு யாரும் வெட்டப்படவில்லை. குழுவின் முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று மதிலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவர் வந்திருக்க மாட்டார்.

அடுத்து வழக்கு. வெட்டியவர்களில் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தின் தலைவனும் ஒருவன். சந்தை நாளில், அத்தனை கடைகளுக்கு நடுவில் நடந்ததை யாரும் பார்த்திருக்கவில்லை. டீக்கடைக்காரர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாராம், ஜவுளிக்கடைக்காரர் மாடியில் இருந்தாராம். குழுவில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களே வீட்டுக்கு வந்து, எதற்கு வம்பு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மதினி ஒருநாள் அடுப்படியில் வைத்துக் கெஞ்சினார்.

"பிள்ள இருக்குங்க. பாக்கலைன்னு சொல்லிருங்க. ஊரே அப்பிடித்தான சொல்லுது."

அண்ணன் வெகுநேரம் இருமினார். பிறகு, "செவத்துல அந்தப் பேர விடச் சொன்னது நாந்தான. இப்பப் பாக்கலைன்னும் நானே சொன்னா, அந்தப் பய என்னத்துக்குச் செத்தான்?" என்றார். மதினி மறுநாளே பிள்ளையை மதுரையில் தன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவந்தார்.

விசாரணையன்று நானும் போயிருந்தேன். அண்ணன் இருமிக்கொண்டே கூண்டில் ஏறினார். இறந்தவனுக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று எதிர்த் தரப்பு வக்கீல் கேட்டார். "ஒறவு இல்லீங்க. சுண்ணாம்பு எடுக்க வருவான்" என்றார். முகம் தெரிந்ததா என்றார்கள். கையை நீட்டிக் காட்டினார். ஒற்றை ஆள் சாட்சியம் நிற்கவில்லை. எல்லாரும் விடுதலையானார்கள். நீதிமன்றப் படிக்கட்டில் அந்த அம்மா எங்களைக் கடந்து போனார். அண்ணன் எழுந்து நின்றார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். அந்த அம்மா நின்று, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தார். அதன்பின் கொஞ்ச காலத்தில் நரிக்குடிப் பக்கம் உறவுக்காரர்களிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போது அந்த மில் இல்லை. மதில் இருந்த இடத்தில் ஒரு கலியாண மண்டபம். பள்ளிக்கூடச் சுவர்களில் மரமும் மயிலும் வரைந்திருக்கிறார்கள். ஊர் மாறிவிட்டது என்றும், அந்தக் குழுவால்தான் மாறியது என்றும் பெரியவர்கள் மேடையில் சொல்கிறார்கள். நான் மறுக்க மாட்டேன். அந்தப் பையன்களில் பலர் இன்று ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு ஒருவர் போகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோஷம் வருவதில்லை என்பது மட்டும்தான்.

எனக்குக் கலியாணமாகி மதுரைக்குப் போனபின், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஒன்றில் ஊருக்கு வந்திருந்தேன். மத்தியானம், கடையில் அண்ணனும் நானும்தான். பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தவன் வந்தான். வெள்ளை வேட்டி, லேசான தொப்பை, கூட அவன் மனைவி. புதுவீடு கட்டுகிறானாம். மனைவி சாயப் பலகையைப் பார்த்து நிறம் தேடிக்கொண்டிருக்க, அவன் அண்ணன் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்காதிக. அன்னைக்கி நெசமாவே பாத்தீகளா? இல்ல, சொல்லிக் குடுத்ததச் சொன்னீகளா?"

அண்ணன் அன்று அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தேம்ப்பா" என்றார். "ஒங்கை ரத்தத்தத் தொடைக்க அவன் ஏத்துன மூடையத் தேடுனியே, அதையும் பாத்தேன்."

குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். பிறகு மனைவியின் தோளைத் தொட்டு, "வா, வேற கடையில பாப்போம்" என்றான். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், தான் தேர்ந்தெடுத்திருந்த இளமஞ்சளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து சோற்றை இலையில் வைத்தேன். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சோற்றில் கையை வைத்தவர், பிசையாமல், சின்னவன் விழுந்து கிடந்த தெருவைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.