ஆடாத கைகள்

கூலாய் ஊரின் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் எங்கள் ஓட்டத்தின் பதினெட்டாவது கிலோமீட்டர். நெற்றியில் விளக்கு, முகத்தில் டிசம்பர் விடியலின் குளிர். பின்னால் ஓடிவந்த தோழி கலா சிரித்தாள்.

"ஏன் லா கைய ஆட்டாமலே ஓடுற? வாளியா தூக்கிட்டுப் போற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு ரப்பர் காட்டுக்குப் பால் எடுக்கப் போன காலைகள் கண்முன் வந்தன. அம்மா இடுப்பில் தொங்கும் கொசுவத்தியின் புகை, ஈரச் சருகு, மரங்களில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் நிறைந்த பாலின் வாடை. வானம் கறுத்தால் அவள் முகமும் கறுத்துவிடும். மழைத்தண்ணீர் கலந்தால் அன்றைய பால் அத்தனையும் வீண். மங்குகளை வாளியில் கவிழ்த்துக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடுவோம்.

"காலுதான் ஓடணும், கை ஓடக்கூடாது!" என்று கத்துவாள்.

ஒருநாள் வேர் தடுக்கி விழுந்தேன். என் வாளிப் பால் முழுக்க மண்ணில் ஓடியது. ஏசப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா தன் வாளியில் பாதியை என் வாளியில் ஊற்றினாள்.

"எந்திரி. ஓடு."

இப்போது நெற்றியில் ஒரு துளி விழுந்தது.

"மழை வருது, ஒதுங்கலாம் லா," என்றாள் கலா.

என் கால்கள் வேகமெடுத்தன. கைகள் ஆடவில்லை.