செல்வி சாப்பிட்ட உப்புச் சோறு

கந்தசஷ்டி தொடங்கிய அன்று, இத்தாலியின் பலெர்மோ நகரில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் நாங்கள் பூசை வைக்கும் மண்டபத்தில், செல்வி உப்புப் போட்ட சோறு சாப்பிட்டாள். அதுவும் விரதக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து. இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது.

செல்வி என் சிநேகிதி. கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. போன வருடம் எங்களைப் போல அவளும் உப்பில்லாச் சோற்றோடு சஷ்டி பிடித்தாள். பாதி விரதத்தில் கை நடுங்கியது, வாந்தி, நாக்குக் குழறியது. விரதக் களைப்பு என்றது மண்டபம். கணவர்தான் யார் பேச்சையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். என்ன வருத்தம், என்ன நோய் என்று இருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம்? வயிற்றுப்புண் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நம்மவர்களிடம் வயிற்றுப்புண் கௌரவமான நோய்.

பூசையை நடத்தும் சரசு அக்கா கேட்டார்: "என்ன செல்வி, இந்த முறை விரதம் பிடிக்கேல்லையோ?"

"இல்லையக்கா. நான் மனநோய்க்கு லித்தியம் எண்டு ஒரு மருந்து எடுக்கிறன். உப்பை விட்டால் அது உடம்பிலை தேங்கி நஞ்சாப் போகும். போன வருசம் சாகப் பாத்தனான்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெல்லக் கதை பிள்ளை, வீட்டிலை குமர் இருக்கு" என்றார் அக்கா. செல்வியின் மகளுக்குக் கலியாண வயது.

"கதைக்காமல் இருந்துதானக்கா போன வருசம் ஆஸ்பத்திரியிலை கிடந்தனான்."

சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை வாயில் வைத்தாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது...

டொக்டரையும் குறை சொல்ல முடியாது. சாப்பாட்டில் உப்பைக் குறைக்காதே என்று சொல்லித்தான் இருக்கிறார். முருகனுக்காக ஆறு நாள் உப்பை விடுகிற சனம் இந்த ஊரில் இருக்கிறது என்று பலெர்மோ டொக்டருக்கு எப்படித் தெரியும்? சாமி விஷயத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று இவளும் நினைத்துவிட்டாள். நம்மில் யார்தான் அப்படி நினைக்க மாட்டோம்?

கை கழுவுகிற இடத்தில் ஒரு பெண் அவளிடம் வந்தாள். நகரின் கால்சாப் பக்கம் வசிப்பவள், அதிகம் பேசாதவள். "அக்கா, என்ரை மனுசனும் அந்தக் குளிசைதான் எடுக்கிறவர். இண்டைக்கு உப்பில்லாமல்தான் சாப்பிட்டவர்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

செல்வி ஈரக் கையோடு அவளை இழுத்துக்கொண்டு டெலிபோன் இருக்கும் பாருக்கு (இங்கே காப்பிக் கடைக்கு அதுதான் பெயர்) போனாள்... டொக்டரைக் கூப்பிட.

முருகனிடம் பக்தியைக் கூட்டுங்கள், நல்லது. உப்பைக் குறைக்க மட்டும் டொக்டரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.