ஒன்றாவோம், முதலில் நீ வா

ஜெசிந்தாமேரி மாதா கோயிலை விட்டுப் போனது ஒரு குருத்தோலை ஞாயிறு. பங்குச் சனம் மொத்தமும் ஓலையை ஆட்டிக்கொண்டு, ஓசன்னா பாடியபடி மதுக்கரை மெயின் ரோட்டில் பவனி போய்க்கொண்டிருந்தது. நடு வரிசையில் வந்த ஜெசிந்தா தன் ஓலையை அக்காள் சலேத்மேரியிடம் நீட்டினாள். செருப்பு வார் அறுந்திருக்கும், குனிந்து சரிசெய்யப் போகிறாள் என்று நினைத்து அக்காள் வாங்கிக்கொண்டார். ஜெசிந்தா குனியவில்லை. பையனைக் கையில் பிடித்தபடி ரோட்டைக் கடந்து, எதிரே தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்த பெந்தெகொஸ்தே சபைக்குள் போய்விட்டாள். பவனி நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் சலேத்மேரியின் குதிகாலை மிதித்தார்கள். அவர் இரண்டு ஓலைகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயில் வரைக்கும் பாடிக்கொண்டே போனார். பாட்டை நிறுத்தியிருந்தால் தங்கை போனது உண்மையாகியிருக்கும்.

சலேத்மேரி பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். வரிசை கோணினால் அவருக்கு உலகமே கோணிவிடும். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும் தங்கையை வளர்த்துப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தான் கட்டிக்கொள்ளவில்லை. ஏனென்று யாராவது கேட்டால் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். தங்கைக்கு வேண்டியதை எல்லாம் தான்தான் செய்தோம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அது பெரும்பாலும் உண்மையும்கூட. உண்மையாக இருந்ததால்தான் அவரோடு யாராலும் பேச முடியவில்லை.

தங்கை காரணமில்லாமல் போகவில்லை. அவள் பையனுக்கு அடிக்கடி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு பக்கம் இருக்க, யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு ஜெபம் சொன்னால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. பங்குச் சாமியார் தியானத்துக்கு ஏற்காடு போயிருந்தார். டீச்சர் பல்லடத்தில் விளையாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார். "ஃபாதர் வரட்டும் கண்ணு, பூசைக்குச் சொல்லிப்போடலாம்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்தார். நானூறு மீட்டர் ஓட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கொட்டுகிற மழையில் ஓட்டை டி.வி.எஸ்.ஸில் வந்து பையன் தலைமாட்டில் உட்கார்ந்தவர் அந்தத் தகரக் கொட்டகைச் சபையின் பாஸ்டர் ஏனோக். பையன் தேறினான். தேறியது மாத்திரையாலா ஜெபத்தாலா என்பதில் இன்றுவரை அந்தக் குடும்பத்தில் ஒற்றுமை இல்லை.

ஈஸ்டர் கழிந்ததும் டீச்சர் தங்கை வீட்டுக்குப் போய் வாசலில் நின்றார். ஜெசிந்தாவின் காதில் தோடு இல்லை. கழுத்து மொட்டையாக இருந்தது. பெயரிலிருந்த மேரியும் போய்விட்டது. முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது அதையும் கழற்றி வைத்துவிட்டாளாம்.

"ஏம் புள்ள, அப்பனாத்தா வெச்ச பேரு உனக்குக் கனமா இருந்துச்சா?"

"கனமெல்லாம் இல்லக்கா. மாதாவைக் கும்புடறது பைபிள்ல இல்ல."

"பைபிள்ல ஜெசிந்தாவும்தான் இல்ல. அதையும் வெட்டிப்போடு. வெறும் இனிசியலோட இரு."

"நீ சண்டைக்கு வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?"

"கொழந்தையிலயே ஞானஸ்நானம் குடுத்தாச்சு. நான்தான் துண்டு புடிச்சுட்டு நின்னேன். அப்பறம் எதுக்குடி இன்னொரு முக்கு?"

"அது ஞானஸ்நானமாக்கா? நாலு சொட்டுத் தண்ணி. கோழிக்குஞ்சுக்கு மருந்து தெளிக்கற மாதிரி."

அந்தக் கோழிக்குஞ்சோடு பேச்சு முடிந்தது. படியிறங்கும்போது டீச்சர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "நீயா என் ஊட்டுப் படியேறி வந்து, என் கையால சோறு வாங்கித் திங்கற அன்னைக்குத்தான் இனி பேச்சு." ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். அந்த ஆனியிலேயே புருஷனுக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை கிடைத்து, குடும்பமே அங்கே போய்விட்டது.

இப்படித்தான் மதுக்கரையில் கிறிஸ்தவ ஒற்றுமை இயக்கம் பிறந்தது.

ஜனவரி மாதம் ஒரு பூசையில், உலகக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒன்றாக வேண்டும் என்று இந்த வாரம் முழுக்கச் செபியுங்கள் என்றார் சாமியார். மற்றவர்கள் அறிவிப்புகளைக் கேட்பதுபோல அதையும் கேட்டு மறந்தார்கள். டீச்சர் மறக்கவில்லை. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, கேரளத்துச் சிரியன், எல்லாரும் ஒன்றாகிவிட்டால் ஜெசிந்தாவும் அந்தக் கூட்டத்தோடு தானாக வந்து சேர்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார். காங்கேயத்துக்கு ஒரு போன் போடுவதைவிட இரண்டாயிரம் வருஷத்துத் திருச்சபையை ஒட்டவைப்பது அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது.

மாதத்தின் முதல் வியாழன் சாயங்காலம் டீச்சர் வீட்டு ஹாலில் ஐக்கிய ஜெபம் கூடியது. எதிர்வீட்டு ரங்கநாயகி கருவேப்பிலை வாங்க வந்தவர், வரிசை தப்பாமல் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், ஊட்டுல ஏதாச்சும் விசேஷங்களா?"

"ஒற்றுமைக்கு ஜெபம் பண்றோமுங்க. எங்காளுக நாலஞ்சு பிரிவா கெடக்கறாங்க."

"உங்களுக்கெல்லாம் சாமி ஒண்ணுதானுங்களே?"

"ஒண்ணுதான்."

"அப்ப உங்க தங்கச்சி மாத்துனது கோயிலை மட்டுந்தானுங்களா? அதுக்கா இத்தனை நாளா பேச்சில்ல? எங்க ஊட்டுக்காரரு கட்சியவே மாத்திப்போட்டாரு. நான் சோறு போடாமயா இருக்கறேன்?"

டீச்சர் கருவேப்பிலையை ஒடித்து அவர் கையில் திணித்து அனுப்பிவைத்தார்.

கூட்டத்தின் தூண்கள் இருவர். ஒருவர் கனகராஜ் சாலமோன், சி.எஸ்.ஐ.காரர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தங்கள் சபையே பல சபைகள் சேர்ந்து உண்டானதுதான் என்பதால் ஒற்றுமை விஷயத்தில் தனக்கு சீனியாரிட்டி உண்டு என்பது அவர் எண்ணம். கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினால் எருசலேமில் ஏறி, ஐரோப்பா முழுக்கச் சுற்றி, கடைசியில் தன் முழங்கால் வலியில் வந்து இறங்குவார். இன்னொருவர் பாஸ்டர் ஏனோக். தங்கையைக் கொண்டுபோனவரையே டீச்சர் அழைத்ததற்கு ஊரே அவரைப் பெரிய மனசுக்காரி என்றது. ஆனால் டீச்சரின் காது வேறெங்கோ இருந்தது. ஏனோக் காங்கேயம் கிளைச் சபைக்கு மாதம் ஒருமுறை போய்வருவார். அங்கே யார் எப்படி இருக்கிறார்கள் என்பது பேச்சுவாக்கில் விழும்.

கத்தோலிக்கர்கள் அச்சடித்த தாளைப் பார்த்துப் படித்தார்கள். ஏனோக்கின் ஆட்கள் கையைத் தூக்கி ஒரே சமயத்தில் சத்தமிட்டார்கள். கனகராஜ் எல்லாரையும் அனுசரித்து நடுவாந்தரமாக முனகினார். விதம்தான் வேறு, வேண்டுதல் எல்லாருக்கும் ஒன்றே: ஆண்டவரே, மற்றவர்களுக்குப் புத்தி வந்து எங்களிடம் சேரும்படி செய்யும். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் இந்த ஜெபத்தை இதே குரலில் கேட்கலாம். கேட்கிறவருக்கு அலுத்தே போயிருக்கும்.

ஆறாம் வருஷம் ஒரு அன்பின் விருந்து வைக்கலாம் என்று முடிவானது. பங்கு மண்டபம் எப்போதும் கல்யாணத்துக்குப் போய்விடும், கிடைப்பது அரிது. அந்த மார்ச்சில் கேட்டவுடன் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகூடக் காலி. கர்த்தரே வழியைத் திறந்தார் என்று ஏனோக் கை தட்டினார். மண்டபம் காலியாக இருந்ததற்குக் காரணம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். தவக்காலத்தில் கத்தோலிக்கருக்குக் கல்யாணம் கிடையாது. வெள்ளிக்கிழமையில் கறியும் கிடையாது. இதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று டீச்சர் நினைத்தார். தக்காளிச் சோறும் தயிர்ச் சோறும் மனதில் வைத்து, "சாப்பாட்டை என்ன பண்றதுங்க?" என்று கேட்டபோது, "அதை எங்க சபை பாத்துக்கும், சிஸ்டர்" என்றார் ஏனோக். தவக்காலம் என்று ஒன்று இருப்பதே அவர் சபைக்குச் சம்பந்தமில்லை.

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் விசுவாசி ஒருவர் கோழிகளைக் காணிக்கையாகக் கொடுத்தார். காங்கேயம் கிளைச் சபைப் பெண்கள் சமைத்தார்கள். ஜெபம் முடிந்து, பந்தி உட்கார்ந்து, இலை போட்டுத் தண்ணீரும் தெளித்த பிறகுதான் பிரியாணி வாளிகள் உள்ளே வந்தன. வாசனை எட்டியதும் ஒரு பக்கத்து வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. மறுபக்கத்து வரிசை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"தேவன் சுத்தமாக்கினதைத் தீட்டுன்னு சொல்லக்கூடாதுங்க" என்று எழுந்தார் ஏனோக்.

"தீட்டுன்னு யாருங்க சொன்னா? வெள்ளிக்கிழமைன்னுதான் சொல்றோம்" என்றது கத்தோலிக்க வரிசை.

"ஏனுங்க இதுக்குப் போயி! பீசை மட்டும் எடுத்துப்போட்டு குஸ்காவா சாப்புடுங்களே" என்றார் கனகராஜ். "எங்களுக்கும் லெந்து நாளு, இதே தவக்காலந்தானுங்க. ஆனா ஐக்கியம்னு வந்துட்டா விட்டுக்குடுக்கோணும் பாருங்க." அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது அவர் இலையைப் பார்த்தால் தெரிந்தது.

டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்குச் சாமியார் இளைஞர். அவர் குனிந்து காதோரம் சொன்னார்: "டீச்சர், இன்னைக்கு ஒரு நாள் நான் அனுமதி குடுக்கறேனுங்க. எனக்கு அந்த அதிகாரம் இருக்குது. அன்பைவிடப் பெரிய நோன்பு எதுங்க?"

சீருடை போடாமல் மைதானத்துக்கு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல டீச்சர் அவரைப் பார்த்தார். "நீங்க பொறக்கறதுக்கு முன்னால இருந்தே நான் வெள்ளிக்கிழமை கறி திங்கறதில்லீங்க, ஃபாதர்."

அப்போது ஒரு வாளி அவர் இலைக்கு முன்னால் வந்து நின்றது. வாளியைப் பிடித்திருந்த கையில் எண்ணெய் தெறித்த தழும்பு. டீச்சர் நிமிர்ந்தார். ஜெசிந்தா. வகிட்டில் நரை ஏறியிருந்தது. காது துளை தூர்ந்துபோயிருந்தது. அம்மாவின் முகவாய் அப்படியே வந்திருந்தது.

"அக்கா" என்றாள். "நான் பண்ணுனது. ஒரு கரண்டி."

டீச்சர் எல்லா நாட்டுக் கிறிஸ்தவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டதெல்லாம் இதற்காகத்தான். கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. ஆனால் கேட்ட விதமாக வரவில்லை. டீச்சர் வீட்டுப் படியேறித் தங்கை வந்திருக்க வேண்டும். இது பங்கு மண்டபம். டீச்சர் கையால் தங்கை சாப்பிட வேண்டும்; இங்கே கரண்டி தங்கையின் கையில். போதாததற்கு வெள்ளிக்கிழமை. கடவுளே நேரில் வந்தாலும் வரிசை தப்பி வந்தால் டீச்சர் மறுபடி முதலிலிருந்து வரச் சொல்வார்.

டீச்சர் இலைக்கு மேலே கையை விரித்து மறைத்தார்.

"வெள்ளிக்கிழமை" என்றார். அதைத் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. இலையைப் பார்த்துச் சொன்னார்.

கரண்டி அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. சாமியார் தன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா கரண்டியைத் திரும்ப வாளிக்குள் போட்டுக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனாள். "உங்களுக்குங்க ஐயா?" என்று அவள் கேட்டது டீச்சர் காதில் விழுந்தது. "வெய்யி அம்மணி. லெக் பீசாப் பாத்து வெய்யி" என்று கனகராஜ் சொன்னதும் கேட்டது. டீச்சர் கை கழுவி வருவதற்குள் காங்கேயம் வேன் கிளம்பிப் போயிருந்தது.

ஐக்கிய ஜெபம் அதோடு இரண்டாகப் பிரிந்தது. டீச்சர் வீட்டில் வியாழக்கிழமை ஐக்கிய ஜெபம். தகரக் கொட்டகையில் செவ்வாய்க்கிழமை உண்மையான ஐக்கிய ஜெபம். இரண்டு நோட்டீசும் ஒரே சுவரில் ஒட்டப்பட்டன. இரண்டிலும் 'அவர்கள் எல்லாரும் ஒன்றாயிருக்கவும்' என்ற அதே வசனம் கொட்டை எழுத்தில் இருந்தது. கனகராஜ் இரண்டுக்கும் போனார். இரண்டு இடத்திலும் டீ கொடுத்தார்கள்.

அன்றைக்குக் கையை எடுத்திருக்கலாமே என்று டீச்சரிடம் யாரும் கேட்கவில்லை. ரங்கநாயகி மட்டும் ஒருநாள், "சோறு வேண்டாம்னாலும் புள்ளைய ஒக்காருன்னு சொல்லியிருக்கலாமுங்க" என்றார். டீச்சர் அவரோடு மூன்று வாரம் பேசவில்லை. பிறகு தானே கருவேப்பிலையை ஒடித்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். எதிர்வீட்டுக்கு அவரால் அப்படிப் போக முடிந்தது. காங்கேயத்துக்கு முடியவில்லை. கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று காங்கேயம் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு, மதுக்கரை பஸ்ஸில் ஏறித் திரும்பிய நாட்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் ஜெபம் கொஞ்சம் நீளும்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். கொரோனா வந்து போனது. வியாழக்கிழமைக் கூட்டம் தேய்ந்து தேய்ந்து, டீச்சர், கனகராஜ், பக்கத்துத் தெருவில் காது மந்தமான ஒரு அம்மா என்று மூன்று பேருக்கு இறங்கியது. அந்த மூன்று பேருக்குள் முழு ஒற்றுமை நிலவியது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு வியாழன். கனகராஜ் ஜெபத்தில் ஐரோப்பாவைத் தாண்டிக்கொண்டிருந்தார். முழங்காலுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. டீச்சரின் மடியில் போன் துடித்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். பேர் பதியாத எண்ணிலிருந்து ஒரு மெசேஜ். ஆனால் முதல் வார்த்தையிலேயே யாரென்று தெரிந்துவிட்டது.

"அக்கா, நாளைக்குக் கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்கு வாரேன். பாத்துட்டு நேரா உன் ஊட்டுக்கு வாரேன். என்ன இருக்குதோ அதை உன் கையாலயே போடு. நான் சாப்புட்டு முடிக்கற வரைக்கும் ஜெபம் மட்டும் பண்ணிப்போடாத. ரெண்டு பேத்துல ஒருத்தி எந்திரிச்சுப் போயிருவோம்."