மாசி வீதி நாலையும் சுற்றி, பத்துத்தூணில் நின்ற கதை

மதுரைக்குப் போகிறவர்களெல்லாம் கோயிலைக் கும்பிட்டு, மகாலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அங்கே போவானேன்? பார்க்கவேண்டியதை நான் சொல்கிறேன். நம் வாசகசாலையில் என் அளவுக்கு மதுரையை அறிந்தவர் இல்லை. இருந்தால் கையைத் தூக்கட்டும்.

போன வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா மகனுக்குப் பெண் பார்க்கவேண்டும். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனதால் பையன் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். பத்தரைக்கு ராகுகாலம்; அதற்குள் பெண் வீட்டுப் படியேறிவிட வேண்டும். அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டதால் பொறுப்பு என் தலையில்.

மாப்ளயைக் கூட்டிக்கொண்டு கல்லுப்பட்டியில் ஐந்தரைக்குக் கரி பஸ் ஏறினேன். இருபத்தாறு மைல், ஆளுக்குப் பத்தணா. யுத்தத்தில் பெட்ரோல் ஏது? பின்னால் கட்டிய கரியடுப்பின் புகையில்தான் ஓட்டம். வழியில் இரண்டு தடவை இறக்கிவிட்டு அடுப்பைக் கிளறினார்கள். நான் தள்ளியிராவிட்டால் அந்த பஸ் இன்னும் திருமங்கலத்தில்தான் நிற்கும். எட்டேகாலுக்கு மதுரை.

குதிரை வண்டிக்காரர் கேட்டார்: "எங்கண்ணே போகணும்?"

"மாசி வீதி. பாத்திரக்கடைக்கு எதிர் வீடு."

"எந்த மாசி வீதிண்ணே? கீழயா, மேலயா, தெக்கா, வடக்கா? நாலுலயும் பாத்திரக்கடை இருக்கு."

மாப்ள என்னைப் பார்த்தான். திசை கேட்டு வாங்காதது என் தப்பு இல்லை. சொல்லாதது பெண் வீட்டார் தப்பு. "தேர் போற வழியிலயே விடுய்யா, மேல மாசியில ஆரம்பி" என்றேன். நாலணா பேசினோம்.

அதனால்தானே இம்புட்டும் பார்க்க முடிந்தது! மாசி வீதியின் மூலைகள் வளைந்து கிடப்பது தேர் திரும்பத்தான். யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். மேலயில் மூன்று பாத்திரக்கடை, வடக்கில் இரண்டு. எதிர் வீடுகளில் விசாரித்தால் அவர்கள் இல்லை. கீழ மாசியிலிருந்து வண்டியைத் திருப்பி, புது மண்டபத்துக்குக் கிழக்கே மொட்டையாய் நிற்கும் ராயகோபுரத்தைக் காட்டினேன். நிலைக்கால் ஒவ்வொன்றும் ஒரே கல்! கட்டி முடித்திருந்தால் ராமேசுவரத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

"மாமா, மணியைப் பாருங்க மாமா" என்று மாப்ள அழாத குறை.

தெற்கு மாசியில் வீட்டைக் கண்டுபிடித்தபோது பத்து நாற்பது. பெண்ணின் அப்பா வாசலிலேயே கும்பிட்டார். "கோவிச்சுக்கிறாதீங்க. ராகுகாலம் பிறந்திருச்சு. பன்னெண்டுக்கு மேல வாங்க."

"மூணாவதும் போச்சு" என்றான் மாப்ள.

"அட வாடா" என்று விளக்குத்தூண் பக்கத்துச் சந்துக்கு இழுத்துப்போனேன். வீடுகளுக்கு நடுவே பத்துக் கல் தூண்கள், மூன்று பனை உயரம்! நாயக்கர் அரண்மனையில் மிச்சம். மேலே கூரை கிடையாது, ஆகாயந்தான். சுற்றளவு பார்க்க ஒரு தூணை நான் ஒரு பக்கமும் அவன் மறுபக்கமும் கட்டிப்பிடித்தோம். விரல் நுனிகூட எட்டவில்லை.

குழாயிலிருந்து குடத்தோடு வந்த ஒரு பெண் நின்றாள். "ஏங்க, விட்டா விழுந்திருமா?"

மாப்ளதான், அந்த ஊமை, பதில் சொன்னான்: "காலையிலயிருந்து பிடிச்சிருக்கோம். நீங்க தாண்டிப் போங்க, அப்புறம் விடுறோம்."

குடத்துத் தண்ணீர் சிந்தச் சிந்தச் சிரித்துக்கொண்டே போனாள்.

பன்னிரண்டேகாலுக்குப் படியேறினோம். காப்பி கொண்டுவந்தவள் அவளேதான்! தம்ளரை நீட்டியவள் அவனைப் பார்த்ததும் திரும்பி உள்ளே ஓடிவிட்டாள். போச்சு என்று நினைத்தேன். உள்ளே சிரிப்பு, அவள் அம்மா வந்து, "பொண்ணு முன்னாடியே பாத்துட்டாளாம். நாள் குறிக்கச் சொல்றா" என்றார்.

போகிறவர்களுக்கு: விலாசத்தோடு திசையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ராயகோபுரத்துக்கு அரை மணி போதும். பத்துத்தூணுக்குக் காசு கிடையாது. ராகுகாலத்தில் போனால் கூட்டமும் இராது. கல்யாண வயதுப் பையன் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்பாடெல்லாம் நான் வேண்டுமென்றே செய்ததுதான் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், அவளும் நம்பிவிட்டாள்.